பீச்சாங்கையும் எலக்ட்ரிக் கிட்டாரும்

எங்க ஊர்ல சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. கோட்டுச்சேரியில காதுகுத்தா இருந்தாலும் சரி, கருமாதியா இருந்தாலும் சரி, ரேடியோ செட்காரர் வந்து மரத்துல கூம்பைக் கட்டிட்டார்னா மூணு தெருவுக்கு வேற பேச்சே இல்லை. அதனால நான் எலக்ட்ரிக் கிட்டார் கத்துக்கப் போறேன்னு சேதி பரவுனப்ப பக்கத்து வீட்டு அண்ணி, "இருக்கற சத்தம் போதாதுன்னு இது வேறயா?" ன்னு கேட்டாங்க. சினிமாவுல பாத்த ஞாபகம் அவங்களுக்கு. முடி வளத்த பையன், பெரிய பெரிய பெட்டி, காது கிழியற சத்தம்.

நாலு மாசம் ஆச்சு. இன்னிவரைக்கும் அண்ணி காதுல ஒரு ஸ்வரம்கூட விழலை. நகரத்துல இருக்கற உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கலாம், எனக்குப் புதுசு. கரண்ட்ல இணைக்காத எலக்ட்ரிக் கிட்டார், எங்க ஊர் வாத்தியங்கள்லயே வாய் செத்த வாத்தியம். சாதாரண கிட்டாருக்கு வயிறு காலியா இருக்கும், அந்தக் காலி இடந்தான் சத்தத்தைப் பெருக்கும். இது முழுக்கட்டை. மீட்டினா கொசு பாடற மாதிரிதான் கேக்கும். ஹெட்போன் மாட்டிக்கிட்டா எனக்கு மட்டும் கோயில் மணி மாதிரி கேக்கும், திண்ணையில படுத்திருக்கற நாய்கூடத் தலையைத் தூக்காது.

எனக்கு வயசு 46. பத்து மா நிலம், அதாவது சுமார் மூணே கால் ஏக்கர். சம்பா நெல்லு, அதுக்குப் பின்னாடி உளுந்து, பயறு. தண்ணி கிடைக்கற வருஷம் குறுவை. நாங்க கடைமடை. காவிரித் தண்ணி ஊர் ஊரா நின்னு நலம் விசாரிச்சுட்டு எங்ககிட்ட கடைசியாத்தான் வரும். சங்கீதம்னு முறையா ஒண்ணும் படிச்சதில்லை. மேளச் சத்தம் கேட்டா கால் தாளம் போடும், அவ்வளவுதான்.

கிட்டார் வந்த கதை சாதாரணமானது. காரைக்கால்ல பாதிக் குடும்பத்துக்குப் பிரான்ஸ்ல ஒரு சொந்தக்காரர் இருப்பார். 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊராச்சே. எங்க அக்கா மகனும் அங்கதான். தை மாசம், சம்பா அறுப்பு முடிஞ்ச கையோட, தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தான். வரவேற்புல வாசிக்கணும்னு கிட்டாரைத் தூக்கிட்டு வந்தவன், போறப்ப பெட்டி எடை கூடிப்போச்சுன்னு விட்டுட்டான். "மாமா, இது இங்கேயே கிடக்கட்டும். சும்மா வச்சிருக்காம நீங்க எடுத்துப் பாருங்களேன்" னான்.

நான் எடுக்கலை. காரணம் என் இடது கை.

பத்து வருஷத்துக்கு முன்னாடி, தண்ணி இறைக்கற இஞ்சின்ல ஓடிக்கிட்டிருந்த பெல்ட் அறுந்து அடிச்சதுல இடது கை மோதிர விரல் நுனி போயிடுச்சு. மேல் கணு இல்லை, நகம் இல்லை. ஊரே வந்து ஆறுதல் சொல்லுச்சு: "நல்லவேளை, போனது பீச்சாங்கை. சோத்துக் கை தப்பிச்சுதே." உண்மைதான். வலது கையால சாப்பிடலாம், கையெழுத்துப் போடலாம், வெதை தெளிக்கலாம். ஆனா அன்னையிலேருந்து அந்த இடது கையை நான் வெளியில விட்டதில்லை. நாலு பேர் நிக்கற இடத்துல அது சட்டைப் பையிலயோ துண்டுக்குள்ளயோ போயிடும். போட்டோ எடுத்தா முதுகுக்குப் பின்னாடி போயிடும். யாரும் சொல்லிக் கொடுக்கலை, கை தானாப் பழகிக்கிச்சு.

கிட்டார்ல பாருங்க, வேலை தலைகீழ். வலது கை சும்மா மீட்டும். எங்க அழுத்தணும், எப்ப விடணும்னு கணக்குப் பாக்கற உத்தியோகம் எல்லாம் இடது கைக்குத்தான். ஊரே "போனா போகட்டும்" னு சொன்ன கை அங்க முதலாளி.

மாசி மாசம் ஒருநாள், தரங்கம்பாடிப் பக்கம் ஒரு சர்ச்சுல கிட்டார் வாசிக்கற தம்பி வீட்டுக்கு வந்தாப்ல. உளுந்து வாங்க வந்தவர், மூலையில இருந்த கிட்டாரைப் பாத்துட்டார். "யாருண்ணே வாசிக்கறது?" ன்னார். யாரும் இல்லைன்னேன். "நீங்க கத்துக்கங்களேன்" னார். நான் கையைக் காட்டலை, விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் விடலை. "கையைக் காட்டுங்கண்ணே." மேசை மேல வச்சேன். டாக்டரைத் தவிர ஒரு ஆள் அந்த விரலைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தது அதுதான் முதல் தடவை. பரிதாபமா பாக்கலை, வெதைநெல்லைப் பாக்கற மாதிரி பாத்தார்.

"ரெண்டு வழி இருக்குண்ணே. ஒண்ணு, கிட்டாரைத் திருப்பிப் பிடிச்சுக்கலாம். கம்பியை மாத்திக் கட்டித் தர்றேன். சோத்துக் கையால அழுத்துங்க, பீச்சாங்கையால மீட்டுங்க. மீட்டறதுக்குக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும். இன்னொண்ணு, இப்படியே பிடிச்சு, இருக்கற மூணு விரலை வச்சு ஆரம்பிக்கறது. அது கொஞ்சம் நாளாவும்."

அதுக்கு மேல ரெண்டு பேர் கதையும் சொன்னார். நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஜாங்கோ ரைன்ஹார்ட்னு ஒருத்தர், ஜிப்சி இனம். 1928ல பாரிஸ் பக்கத்துல அவர் குடியிருந்த வண்டி தீப்பிடிச்சதுல இடது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப் போச்சு. மிச்சம் ரெண்டு விரலை வச்சே ஓட்டமா ஓடி வாசிச்சு, ஐரோப்பாவுல ஜாஸ் கிட்டாருக்கே பெரிய பேரானார். இன்னொருத்தர் டோனி ஐயோமி, இங்கிலாந்துல பர்மிங்காம். 1965ல, 17 வயசுல, தகரப் பட்டறையில மெஷின்ல மாட்டி நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனி போச்சு. அவர் இடதுகைக்காரர், அதனால கம்பியை அழுத்தற கை வலது கை, அடிபட்டதும் அதே கை. மனசு உடைஞ்சு கிடந்தவருக்குப் பட்டறை மேஸ்திரி ஜாங்கோவோட இசைத்தட்டைப் போட்டுக் காட்டியிருக்கார். அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு, மேல தோல் ஒட்டி, மெல்லிசுக் கம்பியாத் தேடிக் கட்டி வாசிச்சார். பிற்பாடு கம்பிகளையே வழக்கத்தைவிடத் தளர்த்திக் கட்டினார். அந்த கனமான, இறங்கின சத்தம்தான் பிளாக் சப்பாத் குழுவோட சத்தம். ஹெவி மெட்டல்னு உலகம் கொண்டாடுதே, அதுக்கு ஒரு வேர் பட்டறையில நசுங்கின விரல்ல இருக்கு.

ராத்திரி பூரா யோசிச்சேன். தம்பி சொன்ன முதல் வழி நியாயமானது. உங்க வீட்டுல யாருக்காவது இப்படின்னா அதையே செய்யச் சொல்லுங்க, தப்பே இல்லை. எனக்கு மட்டும் மனசு ஒப்பலை. பத்து வருஷமா அந்தக் கைகிட்டேருந்து ஒவ்வொரு வேலையா வாங்கி வலது கைக்குக் கொடுத்துட்டே வந்திருக்கேன். கயிறு முடியறது, சட்டைப் பொத்தான் போடறது, கன்னுக்குட்டிக்குத் தீனி வைக்கறது எல்லாம். இந்த ஒரு வேலையாவது அதுகிட்டயே இருக்கட்டும்னு தோணுச்சு. கிட்டாரைத் திருப்பலை.

இந்தக் கைக்கு எலக்ட்ரிக் கிட்டார்தான் சரின்னு தம்பி சொன்னதுக்குக் கணக்கு இருக்கு. சாதாரண ஸ்டீல் கம்பி கிட்டார்ல மெல்லிசான கம்பியே 0.30 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். அதைச் சுருதிக்கு இழுத்துக் கட்ட பத்து கிலோவுக்கு மேல இழுவிசை வேணும். எலக்ட்ரிக்ல அதே இடத்துக்கு 0.23 மில்லிமீட்டர் கம்பி கட்டலாம். கடையில "ஒன்பது செட்" னு கேக்கணும். அதுக்கு ஆறு கிலோ போதும். கழுத்தும் ஒல்லி, கம்பியும் கட்டைக்கு ஒட்டின மாதிரி தாழ்வா இருக்கும். கிட்டத்தட்ட பாதி பலத்துல வேலை முடியும். சத்தம் போடறதுக்காகப் பிறந்ததுன்னு நாம நினைக்கற வாத்தியம், உண்மையில பலம் குறைஞ்ச விரலுக்குத் தோதான வாத்தியம். கம்பி லேசா அசைஞ்சாலே போதும், மிச்சத்தை மின்சாரம் பாத்துக்கும்.

எப்படிப் பாத்துக்குதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு ஆசை. பம்புசெட் மோட்டார் எரிஞ்சுபோனா காயில் கட்டறவர்கிட்டக் கொண்டுபோவோமே, அதே சமாச்சாரம்தான், தலைகீழா. கம்பிக்குக் கீழ பிக்கப்னு ஒண்ணு இருக்கு. காந்தம், அதைச் சுத்தித் தலைமுடி மாதிரி செம்புக் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுத்து. மோட்டார்ல கரண்ட் போனா அசைவு வரும். இங்க இரும்புக் கம்பி அசைஞ்சா கரண்ட் வரும். பழைய சைக்கிள் டைனமோ தெரியும்ல, அதோட தம்பி. அந்தத் துளி கரண்டைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெருக்குது. அதனாலதான் நைலான் கம்பி கட்டினா பிக்கப்புக்குக் காது கேக்காது. இரும்பா இருக்கணும்.

இதே காரணத்தால ஒரு தொந்தரவும் உண்டு. அந்தக் காயில் கம்பியோட அசைவை மட்டும் கேக்காது, வீட்டு ஒயர்ல ஓடற கரண்டையும் சேத்துக் கேக்கும். "ம்ம்ம்..." னு ஒரு முனகல். நம்ம கரண்ட் விநாடிக்கு 50 சுழற்சி. தெருமுனை டிரான்ஸ்பார்மர் முனகறது அதுல இரட்டிப்பு, 100. சுருதி பாக்கற ஆப்பை டிரான்ஸ்பார்மர்கிட்டக் கொண்டுபோய்ப் பாத்தேன். ஜி ஸ்வரத்துக்குக் கொஞ்சம் மேல காட்டுச்சு! ஜி 98, இது 100. எங்க தெருவுக்கு இத்தனை வருஷமா ஒரு சுருதிப்பெட்டி ஓடிக்கிட்டிருந்திருக்கு. இந்த முனகலை அடக்கத்தான் 1955ல கிப்சன் கம்பெனியில சேத் லவர்ங்கறவர் ரெண்டு காயிலை எதிரெதிராக் கட்டற வித்தையைக் கண்டுபிடிச்சார். வாங்கறப்ப "ஹம்பக்கர்" னு கேட்டா அதுதான்.

கிராமத்துல ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிட்டார் கம்பிகள் எல்லாம் ஒயர் வழியா ஆம்ப்ளிஃபயரோட எர்த்ல சேந்திருக்கும். உங்க வீட்டு மூணாவது பின்னுக்கு நிஜமாவே எர்த் இருக்கான்னு ஒயர்மேனை வச்சுப் பாத்துட்டு அப்புறம் செருகுங்க. மோட்டார் கொட்டகைக்குக் கரியும் உப்பும் போட்டுக் குழி வெட்டற நாம, வீட்டுக்குள்ள அதை மறந்துடறோம். நான் ஆம்ப்ளிஃபயரே வாங்கலை. கிட்டார்லயே செருகற கட்டைவிரல் அளவு ஹெட்போன் ஆம்ப், ரெண்டாயிரம் ரூபாய் சுமாருக்கு. போன் மாதிரி சார்ஜ் போட்டா போதும். கரண்ட் போன ராத்திரியிலயும் வாசிக்கலாம்.

புதுசா கிட்டாரே வாங்கணும்னா பத்தாயிரம் ரூபாய் வட்டத்துல பழகறதுக்குத் தகுந்ததா கிடைக்குது. எங்க கணக்குல 60 கிலோ மூட்டை ஏழு. அதுக்கு மேல ஆரம்பத்துல செலவு பண்ணாதீங்க. கடற்கரை ஊர்னா ஒரு பருத்தித் துணி அவசியம். உப்புக்காத்துல கம்பி சீக்கிரமே சொரசொரன்னு துரு பிடிக்கும். வாசிச்சு முடிச்சதும் ஒவ்வொரு கம்பியையும் துடைச்சு உறையில போடணும். கலப்பையைக் கழுவி வைக்கற மாதிரிதான்.

முதல்ல கத்துக்கிட்டது என்னன்னு கேப்பீங்க. "பவர் கார்டு" னு பேரு. பேரைக் கேட்டுப் பயந்தேன். ரெண்டே ஸ்வரம். ஆள்காட்டி விரல் ஒரு கம்பியில, அடுத்த கம்பியில ரெண்டு கட்டம் தள்ளி இன்னொரு விரல். அந்த இன்னொண்ணு வழக்கமா மோதிர விரல், எனக்குச் சுண்டு விரல். மீட்டினதும் திகைச்சுப் போயிட்டேன். ஏற்கெனவே கேட்ட சத்தம். தம்பிகிட்டக் கேட்டேன். "ஆமாண்ணே, கீழ ச, மேல ப. சட்ஜமம் பஞ்சமம்தான்" னார். அதாவது தம்புரா காலங்காலமாச் சொல்லிக்கிட்டிருக்கறது. வெள்ளைக்காரப் பையன் தலையை ஆட்டிக்கிட்டு அடிக்கற ராக் பாட்டும், கச்சேரியில பாடகர் முதுகுக்குப் பின்னாடி ஒலிக்கற தம்புராவும் ஒரே ரெண்டு ஸ்வரத்து மேலதான் நிக்குது.

அதுக்கப்புறம் இது அந்நிய வாத்தியம்ங்கற எண்ணமே போயிடுச்சு. யோசிச்சுப் பாத்தா வயலினும் வெளியூர்ச் சரக்குதான். பக்கத்துல திருவாரூர்ல பிறந்த பாலுசாமி தீட்சிதர், முத்துசாமி தீட்சிதரோட தம்பி, 200 வருஷத்துக்கு முன்னாடி அதைக் கத்துக்கிட்டு நம்ம சங்கீதத்துக்குள்ள கொண்டாந்தார். இன்னைக்கு வயலின் இல்லாத கச்சேரி உண்டா? 1980கள்ல சுகுமார் பிரசாத் எலக்ட்ரிக் கிட்டார்லயே கர்நாடக சங்கீதம் வாசிச்சார். அப்புறம் பிரசன்னா. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில இருந்ததும் மின்சார மாண்டலின்தான். எங்க காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்துல ஸ்வரங்களோட தமிழ்ப் பேரையும் வாத்தியங்கள் பேரையும் வரிசையா அடுக்கறாங்க. காட்டுல பேய்க் கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு வாத்தியக் கணக்கெடுத்த ஊர்க்காரங்க நாங்க. இன்னொண்ணு சேந்தா அந்தம்மா கோவிச்சுக்க மாட்டாங்க.

பழகற முறை இதுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கால் மணி நேரம். கூடாது, குறையாது. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் உக்காந்து வாரம் பூரா விட்டுட்டா, ஒரே நாள்ல மடை உடைச்சு வயலை முக்கின மாதிரி, பயிருக்குப் பிரயோஜனம் இல்லை. முதல் மூணு வாரம் விரல் நுனி எரியும். மண்வெட்டி பிடிச்ச கைதானே, காய்ப்பு இருக்குமேன்னு நினைச்சேன். காய்ப்பு உள்ளங்கையில இருக்கு, நுனியில இல்லை! ஆள்காட்டி, நடு, சுண்டு மூணுலயும் இப்ப புதுசாத் தோல் தடிச்சிருக்கு. மோதிர விரலுக்குத் தொப்பி செஞ்சு பாத்தேன், சைக்கிள் டியூப்ல ஒண்ணு, பழைய தோல் செருப்புல ஒண்ணு. தோல் கொஞ்சம் பரவாயில்லை. வாரத்துல ஒருநாள் மாட்டிப் பாக்கறேன்.

நாலு மாசத்துல என்ன வாசிக்கறேன்? நாலு பவர் கார்டு மாறி மாறி. மோகனத்துல ஏத்தம், இறக்கம். ஒரு சினிமாப் பாட்டுல முதல் எட்டு ஸ்வரம், ஒன்பதாவதுல தடுக்குது. ஹெட்போன் இருக்கறதால தடுக்கறது யாருக்கும் தெரியாது. கிராமத்துல இது பெரிய வரம்ங்க. உங்க அடுக்குமாடியில பக்கத்து வீட்டுக்காரர் பேரே தெரியாது. இங்க என் வீட்டுல மிக்ஸி ஓடினா எதிர்வீட்டுல "என்ன, இட்லியா?" ன்னு கேப்பாங்க. 46 வயசு ஆள் அரைகுறையா வாசிக்கறது தெருவுக்குக் கேட்டிருந்தா, மூணாம் நாளே கிண்டல்ல நிறுத்தியிருப்பேன். முளை விடற வரைக்கும் வெதைநெல்லைச் சாக்குல மூடி வைக்கறோம்ல, அந்த மூட்டம் மனுஷனுக்கும் வேணும்.

போன வாரம் வீட்டுக்காரம்மா ஒருநாள், "அப்படி என்னதான் கேக்குறீங்க, கொடுங்க" ன்னு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கிட்டா. ச, ப ரெண்டையும் சேத்து ஒரு தடவை மீட்டி அடங்கற வரைக்கும் விட்டேன். கண்ணை மூடிக் கேட்டா. கண்ணைத் திறந்தவ பாத்தது என் முகத்தை இல்லை, கம்பி மேல இருந்த கையை. "இந்த வெரலு இப்ப மடங்குதே?" ன்னா. எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது. வேலை இல்லாம விறைச்சுக் கிடந்த மோதிர விரல், பக்கத்து விரல்களோட சேந்து தானா வளைஞ்சு நின்னுச்சு.

மேட்டூர் திறந்து தண்ணி எங்க வாய்க்காலுக்கு வந்துட்டா நாத்தங்கால் வேலை தொடங்கிடும். நாள் பூரா சேத்துத் தண்ணியில ஊறின விரல்ல காய்ப்பு பழம் மாதிரி இளகிடும், கம்பி வெட்டும். அதனால நடவு முடியற வரைக்கும் அழுத்தாம, வெறும் கம்பியில தாளம் மட்டும் பழகச் சொல்லியிருக்கார் தம்பி. ஒன்பதாவது ஸ்வரம் ஆடியில பாத்துக்கலாம்.